சித்தப்பாவுக்காக ஒரு நாள் பிணவறை வாசலில்

பொங்கலுக்கு ஊருக்கு வந்து கறிவிருந்து சாப்பிட்டுவிட்டு சிங்கப்பூர் திரும்பும் திட்டத்தில் இருந்தேன். காணும் பொங்கலன்று காலை, வயலில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் சித்தப்பா இறந்து கிடந்தார். வயது அறுபத்தொன்று. மாரடைப்பு என்றார்கள் உறவினர்கள். கொட்டகைக்குள் பாதி காலியான பூச்சிமருந்து டப்பா இருந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் மூலம் தகவல் போய், நண்பகலுக்குள் உதவி ஆய்வாளர் வந்துவிட்டார். பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "ஐயா, அறுக்காமல் கொடுத்துவிடுங்கள்." அவர் மசியவில்லை. "174 போட்டுத்தான் ஆக வேண்டும்." தற்கொலை, சந்தேக மரணங்களை விசாரிப்பதற்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவின் எண் அது. இப்போது மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் அது 194. ஆனாலும் ஊர் வாயில் இன்னும் 174தான்.

அன்றிரவு அந்தப் பிரிவைத் தேடிப் படித்தேன். மரணக் காரணத்தில் ஐயம் இருந்தாலோ, வேறு காரணத்தால் தேவை என்று காவல் அதிகாரி கருதினாலோ, உடலை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். குடும்பத்தின் சம்மதத்துக்கு அதில் இடமே இல்லை. அழுகாமல் கொண்டுசேர்க்க வானிலையும் தூரமும் அனுமதித்தால் அனுப்பலாம் என்று ஒரு வரியும் வருகிறது. மாட்டுவண்டிக் காலத்து வரி, புதிய சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகத்துக்குரிய முறையில் இறந்தாலோதான் கோட்டாட்சியர் விசாரணை கட்டாயம். மற்றபடி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் முடிவுதான்.

சிங்கப்பூரில் அறைத்தோழர் ஒருவர் தூக்கத்தில் இறந்தபோது, காவல்துறை தகவல் கொடுத்ததோடு சரி. உடலை அறுப்பதா வேண்டாமா என்று தீர்மானித்தவர் கொரோனர், அதாவது மரணங்களை விசாரிக்கும் நீதித்துறை அதிகாரி. கோபத்தில் இதைச் சொல்லிவிட்டேன். உதவி ஆய்வாளர் சிரிக்கவில்லை. "இன்றைக்கு மாரடைப்பு என்று விட்டுவிட்டால், அடுத்த மாதம் பங்காளி ஒருவர் மனு கொடுப்பார், சார். அப்போது தோண்டி எடுக்க வேண்டும்." வரப்புத் தகராறு உள்ள எங்கள் குடும்பத்தில் அது நடக்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பஞ்சாயத்தார் கையெழுத்து, விசாரணை அறிக்கை, வேன் என்று மாலையாகிவிட்டது. சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் தற்கொலை, கொலை, சதிச் சந்தேகம் உள்ள உடல்களுக்கு அது பொருந்தாது. ஆகவே காலை வரை காத்திருப்பு. பிணவறை ஊழியர் ஒருவர் துணிக்கும் கயிறுக்கும் என்று கை நீட்டினார். ரசீது கேட்டேன், பக்கத்தில் நின்ற தம்பி என் காலை மிதித்தான்.

மருத்துவர் மட்டும் பொறுமையாகப் பேசினார். இரைப்பை, ஈரல், சிறுநீரகப் பகுதிகளைச் செறிவான உப்புக் கரைசலில் போட்டு தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்களாம். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டால் விஷத்தைக் கண்டுபிடிப்பது சிரமமாம். 1849இல் சென்னையில் தொடங்கிய வேதிப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழிவந்ததுதான் இன்றைய தடய அறிவியல் துறை என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். முடிவு எப்போது வரும் என்றதற்கு, "வரும்" என்றார்.

மறுநாள் மதியம் உடலைக் கொடுத்தார்கள். அன்றே எரித்தோம். என் விமானம் வெள்ளிக்கிழமை.

சென்ற வாரம் தம்பி அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். மரணக் காரணத்துக்கு நேரே, வேதிப் பகுப்பாய்வு முடிவு வரும்வரை கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. காப்பீட்டு முகவர் மரணக் காரணம் சொல்லும் அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருக்கிறார். சித்தி தொலைபேசியில் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, அந்த டப்பாவை அவர் எப்போது வாங்கினார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.