பொருத்தம் பாக்க 2 ரூபா, போனது 7,386 ரூபா

வீட்ல அம்மா அப்பா கையில ஸ்மார்ட்போன் இருக்கா, அதுல யூபிஐ இருக்கா, அப்ப இதைப் படிச்சிருங்க. நீளமாத்தான் இருக்கும், வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல.

தங்கச்சிக்கு வரன் பாத்துட்டு இருக்கோம். வாரத்துக்கு ரெண்டு ஜாதகமாவது வந்துருது, ஒவ்வொண்ணுக்கும் ஜோசியர் வீட்டுத் திண்ணையில போயி உக்கார முடியலன்னு அம்மா போன்லயே பொருத்தம் பாக்க ஆரம்பிச்சிருக்கு. தை மாசம். ஏதோ கோயில் வீடியோ பாத்துட்டு இருந்தப்ப நடுவுல ஒரு விளம்பரம், "பத்துப் பொருத்தமும் ஒரே நிமிஷத்தில், வெறும் 2 ரூபாய்"னு. தொட்டா நேரா ப்ளே ஸ்டோர். 4.6 ஸ்டார், லட்சக்கணக்குல டவுன்லோட். ஆப் பேரை இங்க எழுதல, எழுதியும் பிரயோஜனம் இல்ல, இதே மாதிரி நூறு இருக்கு, ஒண்ணைத் தூக்கினா வேற பேருல வந்து நிப்பாய்ங்க.

2 ரூபாதானேன்னு அம்மா யூபிஐ பின் போட்டுருச்சு. பொருத்தம் பாத்துச்சு, ரஜ்ஜு தட்டுதுன்னு வந்துச்சு, அந்த வரனை விட்டாச்சு. நாலாவது நாள் போன்ல இடம் இல்லன்னு ஆப்பையும் தூக்கிருச்சு. இதோட முடிஞ்சதுன்னுதான் யாரா இருந்தாலும் நினைப்பாங்க.

பங்குனிக் கடைசில பேங்க்ல பாஸ்புக் பிரிண்ட் போடப் போனேன், அப்பா இறந்ததுக்கப்புறம் வர்ற குடும்ப பென்ஷன் அந்தக் கணக்குலதான் வருது. மெஷின்ல வச்சா கர்ரு கர்ருனு ஒரு பக்கம் முடிஞ்சு அடுத்த பக்கம் திருப்பச் சொல்லுது. இந்தக் கணக்குல மாசத்துக்கு நாலு வரிக்கு மேல வராதே, என்னடான்னு பாத்தா வரிசையா யூபிஐ மேண்டேட் 399, யூபிஐ மேண்டேட் 399, ஒவ்வொரு திங்கக்கிழமையும். கீழ வர வர இன்னொண்ணு, 599. அது வியாழக்கிழமை வியாழக்கிழமை. பின்னாடி நின்ன பெரியவரு "தம்பி முடிஞ்சுதா"ன்னு கேக்குறாரு, எனக்கு வாயே வரல.

399 பதினோரு தடவை, 599 அஞ்சு தடவை, முதல்ல போன அந்த 2 ரூபாயும் சேத்தா 7,386. ஒரே கம்பெனி, ஒரே ஆப்தான். அந்த 2 ரூபா வெறும் ட்ரையலுக்காம், அன்னைக்குப் போட்ட பின்லயே வாராவாரம் சந்தா எடுத்துக்க அனுமதியும் போயிருச்சு, அதுக்குப் பேருதான் மேண்டேட். 399 ஆண்ட்ராய்டுக்கு, 599 ஐபோனுக்கு.

இந்த ஐபோன் கதைக்கு முழுப் பொறுப்பு நான்தான். நான் ரொம்ப வருஷமா ஐபோன் ஆளு. டீக்கடையில ஆண்ட்ராய்டு பசங்களோட மல்லுக்கட்டுறவன். ப்ளே ஸ்டோர் சந்தைக்கடை, ஆப் ஸ்டோர்ல ஒவ்வொரு ஆப்பையும் ஆள் வச்சு பாத்துத்தான் உள்ள விடுறான்னு பேசிட்டுத் திரிஞ்சவன். மாசியில புது போன் வாங்கினதும் என் பழைய எஸ்இயை, அதான் கீழ வட்டப் பொத்தான் இருக்குமே அதை, அம்மாகிட்ட குடுத்தேன். "இனிமே கண்டது இறங்காது, நீ பயப்படாம பாரும்மா"ன்னு வசனம் வேற. ஆப்பிள் இலவசமா குடுக்கிற 5 ஜிபி பேத்தி வீடியோவுலயே ரொம்பிருச்சு, சரின்னு மாசம் 75 ரூபாய்க்கு 50 ஜிபி போட்டுவிட்டு, அதுக்கு அம்மா யூபிஐயையே ஆப்பிள் அக்கவுண்ட்ல கோத்து ஆட்டோபேவும் போட்டு வச்சேன். திருடனுக்குக் கதவைத் திறந்து வச்சதே நான்தான்னு அப்ப தெரியல.

அடுத்த ஜாதகம் வந்துச்சு. அம்மா ஐபோன்ல அதே ஆப்பைத் தேடி இறக்கிருச்சு. முன்னாடியே காசு கட்டுனதுதானே, இதுலயும் வரும்னு நினைச்சிருக்கு. வராது. ப்ளே ஸ்டோர்ல கட்டுன காசு ப்ளே ஸ்டோர் கணக்குல நிக்கும், ஆப் ஸ்டோர்ல கட்டுனது ஆப்பிள் கணக்குல நிக்கும். ஆப்புக்குன்னு தனியா லாகின் வச்சு ரெண்டு பக்கமும் சேத்துக் குடுக்கிற நல்ல கம்பெனிங்களும் இருக்காங்க, இவிங்க அந்த ரகம் இல்ல. பழைய போன்ல ஓடுற சந்தா அது பாட்டுக்கு ஓடும், புதுசுல இன்னொண்ணு ஆரம்பிக்கும். போன் மாத்துற எல்லாருமே இந்த எடத்துலதான் மாட்டுறாங்க.

ஐபோன்ல பின் போடாம எப்படிக் காசு போச்சுன்னு அம்மாவையே திரும்ப செஞ்சு காட்டச் சொன்னேன். ஆப்பைத் திறந்தா "உங்கள் கைரேகை பலன் இலவசம், கீழே உள்ள பொத்தானில் கட்டைவிரலை வைக்கவும்"னு வருது. அம்மா வச்சிருக்கு. கைரேகை பாக்க கையைக் காட்டுறதுதானே வழக்கம்! ஆனா அந்தப் பொத்தான்லதான் ஆப்பிள் நம்ம விரல் ரேகையைப் படிச்சு பேமெண்ட்டை ஓகே பண்ணுது. விரலை வச்ச அதே நொடியில ஸ்கிரீன் மங்குது, கீழ இருந்து பணம் கட்டுற பெட்டி மேல வருது, டிங்னு ஒரு சத்தம், முடிஞ்சுபோச்சு. "நடுவுல ஏதோ இங்கிலீஷ்ல கேட்டுச்சுடா, சரின்னு அமுக்குனேன்"னு அம்மா சொல்லுது. ரேகைங்கிற ஒரே வார்த்தையை வச்சு இப்படி ஒரு பொறி வைக்கத் தோணிருக்கு பாருங்க, அந்த மூளையை நல்லதுக்கு யூஸ் பண்ணியிருந்தா எங்கயோ போயிருப்பாய்ங்க.

இது புதுசும் இல்ல. 2018 டிசம்பர்லயே ஆப் ஸ்டோர்ல ரெண்டு ஃபிட்னஸ் ஆப் இதே வேலையைப் பாத்திருக்கு. விரல் ரேகையை வைங்க, உங்க உடம்புக்கு எவ்ளோ கலோரின்னு சொல்றோம்னு சொல்லி விரலை வைக்க வச்சு 100 டாலருக்கு மேல உருவியிருக்காய்ங்க. அப்புறம் ஆப்பிள் அந்த ஆப்பையெல்லாம் தூக்கிட்டாங்க. இந்த மாதிரி ஆப்புக்கு ஃப்ளீஸ்வேர்னே பேரு வச்சிருக்காங்க, ஆட்டுக்கு ரோமம் கத்திரிக்கிற மாதிரி நம்மள கத்திரிக்கிறதாம், சோஃபோஸ்ங்கிற பாதுகாப்புக் கம்பெனி 2019ல வச்ச பேரு. வைரஸ்னு சொல்ல முடியாது, எதையும் ஹேக் பண்ணல, நாமளே ஓகே குடுத்த மாதிரிதான் ரெக்கார்டு இருக்கும், அதனாலதான் ஸ்டோர் சோதனையில சிக்க மாட்டேங்குது. 2021 மார்ச்ல அவாஸ்ட் கம்பெனி இப்படிப்பட்ட 204 ஆப்பைக் கண்டுபிடிச்சுச்சு. அதுல 134 ஆப்பிள் ஸ்டோர்ல, 70தான் கூகுள் ஸ்டோர்ல. இத்தனை நாளா டீக்கடையில நான் பேசினதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?

இன்னொரு விஷயம், ஸ்டோர் வழியா போற ஒவ்வொரு சந்தாவுலயும் ஸ்டோர்காரங்களுக்கும் பங்கு உண்டு. ஆப்பிள்ல முதல் வருஷம் 30 சதவீதம், அதுக்கப்புறம் 15, சின்ன டெவலப்பர்னா முதல்ல இருந்தே 15. கூகுள் 2022 ஜனவரியில சந்தாவுக்கு 15 ஆக்கினாங்க. வேணும்னே விடுறாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா வாடகை வாங்குற கட்டடத்துக்காரருக்கு உள்ள இருக்கிற கடையைக் காலி பண்ண எவ்ளோ அவசரம் இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

பேங்க் சொல்லலையான்னு கேப்பீங்க. சொல்லியிருக்கு. ஆட்டோபேல காசு எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னாடி தகவல் சொல்லணும்னு ரிசர்வ் பேங்க் விதி, 2021 அக்டோபர்ல இருந்து கட்டாயம். அம்மா மெசேஜ் பெட்டியைத் திறந்தா அத்தனையும் இருக்கு, ஒண்ணுகூட படிக்காம, கடன் வேணுமா, ரீசார்ஜ் முடியுது, நகைக்கடை ஆஃபர்னு வந்த குப்பைக்கு நடுவுல, இங்கிலீஷ்ல. 15,000 ரூபா வரைக்கும் ஒவ்வொரு தடவையும் பின் கேக்க வேண்டாம்னு 2022 ஜூன்ல விதியைத் தளர்த்திட்டாங்க, அதுக்கு முன்னாடி 5,000. நமக்கு கரண்ட் பில்லு கட்ட வசதி, இவிங்களுக்கும் வசதி.

சரி நிப்பாட்டின கதைக்கு வர்றேன், இதுலதான் ரெண்டு பக்கமும் வித்தியாசம் நல்லா தெரிஞ்சது. ஆண்ட்ராய்டுல அந்த ஆப்புக்குன்னு தனி மேண்டேட் இருந்துச்சு, அதனால யூபிஐ ஆப்புக்குள்ள ஆட்டோபேன்னு இருக்கிற எடத்துல போயி அதை மட்டும் கேன்சல் பண்ணிட்டேன், ரெண்டு நிமிஷ வேலை. ப்ளே ஸ்டோர்லயும் மேல இருக்கிற நம்ம போட்டோவைத் தொட்டு பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் உள்ள போயி கேன்சல் குடுத்தேன், ஒண்ணு போதும்னு விட்றாதீங்க, ரெண்டையும் பண்ணுங்க. ஐபோன்ல எங்களுக்கு இருந்தது மொத்த ஆப்பிள் அக்கவுண்ட்டுக்கும் சேத்து ஒரே மேண்டேட். அதை வெட்டினா பேத்தி போட்டோ இருக்கிற 50 ஜிபியும் சேந்து போயிரும். அதனால செட்டிங்ஸ்ல மேல இருக்கிற பேரைத் தொட்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ்ல போயி அந்த ஒண்ணை மட்டும் கேன்சல் பண்ணணும். அதையும் கடைசி நாள்ல பண்ணாதீங்க, ட்ரையல் முடிய ஒரு நாளாவது முன்னாடி பண்ணணும். ஆப்பை டெலிட் பண்ணினா மட்டும் ரெண்டு போன்லயும் எதுவும் நிக்காது. கொஞ்சம் புது ஐஓஎஸ்ல டெலிட் பண்ணும்போது சந்தா ஓடுதுன்னு ஒரு கேள்வி கேக்கும், அதையும் இங்கிலீஷ்லதான் கேக்கும்னா எங்கம்மாவுக்கு அதனால என்ன.

காசு திரும்ப வாங்கறதுல கூகுள் விதிப்படி வாங்கின 48 மணி நேரத்துக்குள்ள அவங்ககிட்ட கேக்கலாம், அது தாண்டினா டெவலப்பர்கிட்ட போகச் சொல்றாங்க. நல்ல காலம் நான் கண்டுபிடிச்சது செவ்வாக்கிழமை, முந்தின நாள் போன 399 மட்டும் திரும்பி வந்துருச்சு. மிச்சம் பத்து வாரத்துக்கு டெவலப்பருக்கு மெயில் போட்டா, அரை நிமிஷத்துல பதில், ஸ்டோரைக் கேளுங்கன்னு. ஸ்டோர் அவனைக் கைகாட்டுது, அவன் ஸ்டோரைக் கைகாட்டுறான். ஆப் பக்கத்துல குடுத்திருந்த வெப்சைட்டைத் திறந்தா வெள்ளைப் பக்கம்.

ஆப்பிளுக்கு ரிப்போர்ட் எ பிராப்ளம்னு தனி பக்கமே இருக்கு, அதுல ஒவ்வொரு வாரக் காசுக்கும் தனித்தனியா காரணம் எழுதிக் கேட்டேன். கைரேகைக் கதையை அஞ்சு தடவை எழுதினேன், ஸ்கிரீன் ஷாட்டும் எடுத்து வச்சேன். ரெண்டு நாள்ல மூணு வாரத்துக் காசு வந்துச்சு, 1,797. ரெண்டு வாரத்துக்கு இல்லன்னுட்டாங்க. ஆக வந்தது 2,196, போனது போனதுதான் 5,190.

1915க்குப் போன் பண்ணி நுகர்வோர் புகார் போட்டிருக்கேன். சந்தாவுல சிக்க வச்சு வெளிய விடாம பண்றது சட்டப்படியே தப்பு, 2023 நவம்பர்ல மத்திய அரசு டார்க் பேட்டர்ன்னு 13 தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணிச்சே, அதுல சந்தாப் பொறியும் ஒண்ணு. புகார் நம்பர் குடுத்திருக்காங்க. பேரே தெரியாத ஆளு, எந்த ஊருக்காரன்னும் தெரியாது, பாப்போம்.

அப்புறம் இதை முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமான்னு ரெண்டு ஸ்டோர்லயும் அந்த ஆப் பக்கத்தை நோண்டிப் பாத்தேன். ஆப் ஸ்டோர்ல பக்கத்தோட கீழ இன்-ஆப் பர்ச்சேஸ்னு ஒரு வரி இருக்கு, தொட்டா எது எது எவ்ளோன்னு விலையோட விரியும், அதுல வாரம் 599ன்னு பச்சையா போட்டிருக்கு. ப்ளே ஸ்டோர்ல அப்படிப் பிரிச்சுப் போடல, இத்தனை ரூபாயில இருந்து இத்தனை ரூபா வரைக்கும்னு ஒரு வீச்சு மட்டும்தான். இந்த ஒரு எடத்துல ஆப்பிளுக்கு மார்க் போடலாம். ஸ்டாரை நம்பாதீங்க, 4.6 எல்லாம் காசு குடுத்தா கிடைக்குது. விமர்சனத்துல ஒரு ஸ்டார் குடுத்தவங்க எழுதினதை மட்டும் படிங்க, நான் படிச்சப்ப அதுல "அம்மா கணக்குல காசு போயிருச்சு", "அப்பா ஏமாந்துட்டார்"னு வரிசையா இருக்கு, எங்க வீட்டு எழவையே வேற வேற ஆளுங்க எழுதின மாதிரி.

இப்ப அம்மா ஐபோன்ல ஸ்கிரீன் டைம்ல போயி ஆப்புக்குள்ள காசு கட்டுறதையே மூடி வச்சுட்டேன். தங்கச்சி ஆண்ட்ராய்டுல ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேக்கிற மாதிரி மாத்தியாச்சு. பென்ஷன் கணக்கை யூபிஐயில இருந்தே எடுத்துட்டு, 2,000 ரூபாய்க்கு மேல வைக்காத வேற ஒரு கணக்கைக் கோத்துருக்கேன், இது எல்லாத்தையும்விட உருப்படியான வேலைன்னு தோணுது. பொருத்தம் பாக்கறது பழையபடி ஜோசியர்கிட்டதான். ரஜ்ஜு தட்டுதுன்னு விட்டோமே அந்த வரனோட ஜாதகத்தையும் அம்மா கொண்டு போயிருக்கு, அவரு பாத்துட்டு ரஜ்ஜு எங்கம்மா தட்டுது, நட்சத்திரத்தையே தப்பா போட்டுருக்கீங்கன்னாராம். அந்தப் பையனுக்கு அதுக்குள்ள நிச்சயம் முடிஞ்சுருச்சு.

நேத்து காலையில ஏழு மணிக்கு அம்மா போன். மூச்சு வாங்குது. "டேய், நாளைக்கு எடுக்கப் போறோம்னு மெசேஜ் வந்துருக்குடா, சீக்கிரம் நிப்பாட்டு." எவ்ளோன்னு கேட்டேன். எழுத்துக்கூட்டி வாசிச்சுட்டு 75ன்னுச்சு. அது பேத்தி போட்டோவுக்கும்மா, நான்தான் போட்டு வச்சேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குது, "அன்னைக்கும் இப்படித்தான் பயப்படாதன்னு சொன்ன"ங்குது.