பழைய ஆன்லைன் கடையைப் புதுப்பிக்கும் முன் எந்த வரைபடம் உதவும்?

2014 பிப்ரவரியில் பிரிட்டனின் சில்லறை விற்பனை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், 2007 முதல் அமேசான் தளத்தில் ஓடிக்கொண்டிருந்த தன் ஆன்லைன் கடையைச் சொந்தத் தளத்துக்கு மாற்றியது. செலவு சுமார் 15 கோடி பவுண்ட். லட்சக்கணக்கான பழைய வாடிக்கையாளர்கள் மறுபடியும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த ஜூனில் முடிந்த காலாண்டில் ஆன்லைன் விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது. தளம் மாற்றப் போகிறவர்கள் எந்த மென்பொருளை வாங்கலாம் என்று பார்ப்பதற்கு முன் சிக்கலைத் தாளில் வரைந்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். எப்படி வரைவது என்பதில்தான் போட்டி.

பலருக்கும் தெரிந்தது கவோரு இஷிகாவாவின் மீன்முள் வரைபடம். தலையில் சிக்கல், முட்களில் காரணங்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு காரணம் இன்னொரு காரணத்தைக் கிளப்பிவிடுவதை அது காட்டாது. பழைய தளங்களில் நடப்பதோ பெரும்பாலும் அதுதான். அதனால் இந்த வேலைக்கு இது போதாது.

எலியாஹு கோல்ட்ராட்டின் நடப்புநிலை மரம் அந்தக் குறையைத் தீர்க்கிறது. புகார்களை மேலே எழுதி, 'இது இருப்பதால் அது நடக்கிறது' என்று ஒவ்வொரு அம்பையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். தள்ளுபடி நாளில் ஆர்டர்கள் ரத்தாகின்றன, ரீஃபண்ட் தாமதமாகிறது, கஸ்டமர் கேர் போன் ஓயவில்லை என்று மூன்று புகார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இறங்கிப் பார்த்தால், கிடங்கின் ஸ்டாக் கணக்கு இரவில் ஒரே ஒரு முறைதான் தளத்துக்கு வருகிறது என்ற இடத்தில் மூன்றும் சேரலாம். அப்படியானால் தளத்தையே மாற்றினாலும் அதே பழைய கணக்குதான் புதுப் பக்கத்தில் தெரியும். பெரிய செலவுக்குக் கையெழுத்துப் போடும் முன் இதைச் சொல்லிவிடுகிற வரைபடம் இது ஒன்றுதான். நிதானமாக வாதம் நடத்தத் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரவர் துறையைக் காப்பாற்றும் அம்புகளே வரும்.

ஆல்பெர்ட்டோ பிராண்டோலினி 2013-இல் முன்வைத்த ஈவென்ட் ஸ்டார்மிங் வேறு வகை. நீளமான சுவரில் ஆரஞ்சு நிறச் சீட்டுகள்: 'ஆர்டர் பதிவானது', 'பணம் பிடிக்கப்பட்டது', 'பார்சல் கிளம்பியது'. எல்லாமே நடந்து முடிந்த நிகழ்வுகள். தகராறு வரும் இடத்தில் வேறு நிறச் சீட்டு. இதன் பலமே அறையில் யார் இருக்கிறார்கள் என்பதுதான். கிடங்கு, கணக்குப் பிரிவு, கஸ்டமர் கேர் ஆட்கள் வராமல் டெவலப்பர்கள் மட்டும் ஒட்டினால் சுவர் வீண். 'பழைய வாடிக்கையாளர் புதுத் தளத்தில் முதன்முறை லாகின் செய்தார்' என்ற சீட்டை யாராவது ஒட்டினால், பழைய பாஸ்வேர்ட் செல்லுமா என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடும்.

தளத்தை எங்கே தனித்தனிப் பகுதிகளாக வெட்டலாம் என்பதும் இந்தச் சுவரில் தெரியும். மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபௌலர் 2004-இல் சொன்னபடி, பழையதைச் சுற்றிப் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ப்பதற்கு அந்த வெட்டுக்கோடு அவசியம். ஆன்லைன் கடைகளுக்கு மென்பொருள் தரும் ஷாப்பிஃபை தன் நிரலுக்கு எடுத்த முடிவு இங்கே கவனிக்கத்தக்கது. சுமார் 6000 ரூபி கிளாஸ்களை (ரூபி மொழியில் எழுதிய நிரல் பகுதிகளை) ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, ஆர்டர், ஷிப்பிங், பில்லிங் என்று வியாபாரப் பிரிவுகளின்படி கையாலேயே பிரித்தார்கள். முழுவதையும் மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் சிறு மென்பொருள்களாக, உடைக்கவில்லை. கோடு தெளிவாக இருந்தால் உடைக்காமலும் சீர்திருத்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சைமன் வார்ட்லியின் வரைபடம், மென்பொருளை நாமே கட்டுவதா வாங்குவதா என்ற கேள்விக்கு. வாடிக்கையாளரிடமிருந்து கீழே இறங்கும் தேவைகளை, புதுமையிலிருந்து சர்வசாதாரணம் வரை இடமிருந்து வலமாக அடுக்குகிறது. ஆன்லைனில் பணம் வாங்க உதவும் பேமெண்ட் கேட்வே வலது ஓரத்தில் நிற்கும், அதைச் சொந்தமாக எழுதுவது வீண் செலவு. ஆனால் எங்கே வலிக்கிறது என்பது இதில் தெரியாது. இதில் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே விற்பனையாளர்களின் விலைப்பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள்.

எனவே முதலில் மரம், அடுத்து சுவர், கடைசியில் வார்ட்லி என்பதே என் வரிசை. ஒரே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் சுவரைத் தேர்ந்தெடுப்பேன். மாறியே தீர வேண்டிய நிலையிலும் அப்படித்தான். 2020 ஜூனில் மஜென்டோ 1 என்ற ஆன்லைன் கடை மென்பொருளுக்கு ஆதரவு நின்றபோது, மாறலாமா என்ற கேள்விக்கே பல கடைகளுக்கு இடமில்லாமல் போனது. அப்போது மரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, கிடங்கு ஆட்களை முதல் நாளே கூப்பிட்டு உட்கார வைக்கலாம்.