டயறியா, புள்ளி நோட்டா, போனா, சி.ஆர். கொப்பியா?

நான் சி.ஆர். கொப்பியின் பக்கம். அதை முதலே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீங்கள் அதற்கேற்றபடி கழித்துக் கூட்டி வாசித்துக்கொள்ளலாம்.

திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு தையல் வைத்திருக்கிறேன். எந்தப் பருவத்தில் என்ன வேலை வரும், அதற்குள் எனக்கென்று என்ன செய்யப்போகிறேன், கொஞ்சம் படம், கொஞ்சம் ஒட்டுவேலை, இவ்வளவும் அடங்கிய ஒரு குறிப்புப் புத்தகம் வேண்டும் என்று தேடினால் நம் ஊரில் நான்கு வழி இருக்கிறது. ஆண்டு டயறி, புள்ளி போட்ட பிளானர் நோட்டு, போனில் ஒரு ஆப், பள்ளிக்கூடச் சாமான் கடையில் விற்கிற, கோடு போட்டு நூலால் தைத்த சி.ஆர். கொப்பி. நான்கையும் பாவித்திருக்கிறேன், ஆனால் ஒரே அளவுக்கு அல்ல. ஆப்பைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுங்கள்.

விலையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. டயறி வருட முடிவில் வங்கியிலோ காப்புறுதிக்காரரிடமோ சும்மாவே வரும். புள்ளி நோட்டுத்தான் கையைக் கடிக்கும், நல்லது வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். ஆப் இலவசம் என்பார்கள், நமக்குப் பிடித்த பக்கம் மட்டும் காசு கட்டினால்தான் திறக்கும். சி.ஆர். கொப்பி எந்தச் சந்தியிலும் கிடைக்கும். அழகு என்று பார்த்தால் புள்ளி நோட்டு முதலிடம், அதில் வாக்குவாதமே இல்லை.

எனக்கு முடிவைத் தந்தது வேறொரு கேள்வி. மூன்று கிழமை தொடாமல் விட்டுவிட்டுத் திரும்ப எடுக்கும்போது கை கூசுமா, கூசாதா?

ஏனென்றால் விடுபடத்தான் செய்யும். பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறது என்றால் சீருடைத் துணி மூட்டையாக வந்து இறங்கும். பிறகு பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, கலியாண பிளவுஸ். அந்த நாட்களில் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பேனை எடுக்க யாரால் ஏலும்? திட்டம் தேவைப்படுகிற நாளும் எழுத நேரமில்லாத நாளும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. ஆகவே ஒரு கொப்பியை அது நிறைகிற நாட்களை வைத்து நான் மதிப்பதில்லை. வெறுமையாகக் கிடந்த நாட்களுக்குப் பிறகு அது எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

டயறி இதில்தான் தோற்கிறது. தேதி அச்சடித்த பக்கம் ஒவ்வொன்றும் எழுதாவிட்டாலும் அங்கேயே நிற்கும். மாசி 3 வெற்று, 4 வெற்று, 5 வெற்று என்று புரட்டிப் புரட்டி இன்றைய பக்கத்துக்கு வருவதற்குள் எழுதுகிற ஆசையே போய்விடும். சீருடை வேலை முடிந்த மறுநாள் டயறியைத் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. டயறியின் வருடம் நம் வருடம் அல்ல. தை முதலாம் தேதி, அதாவது ஜனவரி 1, இங்கே வாடைக்காற்றுக் காலத்தின் நட்டநடு. கடல் கொந்தளிப்பு, நிலாவெளி விடுதிகளில் ஆளில்லை, துணி காயாது, மனமும் ஈரம். அந்த நேரத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்துக்கும் தீர்மானம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவது? கிழக்குக் கரையில் வருடம் இரண்டு துண்டு. ஐப்பசியில் மழை இறங்கித் தை, மாசி வரை ஒன்று. கடல் அடங்கி, கச்சான் காற்று அடித்து, புறாத்தீவுக்குப் படகு ஓடுகிற மே முதல் செப்டெம்பர் வரை இன்னொன்று. நடுவில் இருக்கிற பங்குனி, சித்திரை ஒரு வாசற்படி மாதிரி. சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வந்துபோன பிறகுதான் எனக்கு ‘இனி என்ன’ என்ற யோசனையே வரும்.

போதாததற்குப் பெருநாள் ஒரு தேதியில் நில்லாது. பிறைக் கணக்கு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். 2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே கிழமையில் வந்து விழுந்தன. முஸ்லிம்கள் அதிகம் வாழ்கிற கிண்ணியா ஓடரும் ஊர் ஓடரும் ஒன்றாக. 2030 ஆகும்போது அதே பெருநாள் பெப்ரவரித் தொடக்கத்துக்குப் போய்விடும், அதாவது மழைக்குள். போன வருட டயறியைப் பார்த்து இந்த வருடத் திட்டம் போட்டால் சரிவராது.

புள்ளி நோட்டுக்கு வருவோம். ‘புல்லட் ஜேர்னல்’ என்கிற அதன் அசல் முறையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சின்ன வயதில் கவனச் சிதறலோடு அல்லாடிய ரைடர் கரோல் என்ற புரூக்ளின் வடிவமைப்பாளர் தனக்காக உருவாக்கி 2013இல் வெளியே விட்டது அது. செய்யவேண்டியதற்கு ஒரு புள்ளி, நிகழ்வுக்கு ஒரு வட்டம், குறிப்புக்கு ஒரு சிறு கோடு. முடிந்தால் புள்ளியின் மேல் பெருக்கல் அடையாளம், முடியாததை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோனால் ஒரு அம்புத்தலை. இதற்கு எந்தக் கொப்பியும் போதும். ஆனால் நம் கைக்கு அது வந்து சேர்ந்தது இன்ஸ்டகிராம் வழியாக. மாதத் தொடக்கத்தில் ஒரு முழுப் பின்னேரம் இருந்து பூ, கொடி, தலைப்பு, முப்பத்தொரு பெட்டிப் பழக்க அட்டவணை எல்லாம் வரைந்த பிறகுதான் முதல் வரி. அந்தப் பின்னேரம் கிடைக்காத மாதத்துக்குப் பக்கமே இல்லை. கிடைத்த மாதத்திலும் எட்டுப் பெட்டி நிறம், மிச்சம் வெள்ளை. தண்ணீர் குடித்தேனா, நடந்தேனா என்று அந்த வெள்ளைப் பெட்டிகள் பார்த்துக்கொண்டே இருக்கும். டயறியின் நோய்தான் இதற்கும், வித்தியாசம் என்னவென்றால் இங்கே கோட்டை நாமே கீறிக்கொள்கிறோம்.

என் மச்சாளுக்கு இது ஒத்துவருகிறது. கந்தோர் வேலை, சனி ஞாயிறு லீவு, கையெழுத்தும் அச்சுப்போல. என் கொப்பியைப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு மச்சாள், ஆனா படம் எடுத்துப் போட ஏலாது” என்றாள். அது உண்மைதான்.

போனை நான் முழுக்கத் தள்ளவில்லை. துணியின் நிறத்தைப் படமெடுக்கவும், முற்பணம் வாங்கிய நாளை நினைவூட்டவும் அதைவிட நல்லது இல்லை. ஆனால் தீர்மானத்துக்கென்று வருகிற ஆப்களில் பல தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டும். ஒரு நாள் தவறினால் சுழியம். சீருடை வாரத்தில் சுழியம், பெருநாள் வாரத்தில் சுழியம். குரல் தட்டச்சும் நம் பேச்சைக் கேட்டுச் சில நேரம் திணறும். ‘வெட்டிக் குடுக்கவேணும்’ என்று சொன்னதை அது என்னவாக எழுதியது என்று இங்கே போட விருப்பமில்லை. மின்வெட்டைக் காரணம் காட்டுவோரும் உண்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது உண்மை. ஆனால் அதே மார்ச்சில் கடதாசி இல்லையென்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள். அந்த வாதத்தில் இரண்டு பக்கமும் சமம் என்று விட்டுவிடலாம்.

இனி என் கொப்பி.

முதல் இரண்டு பக்கம் பொருளடக்கத்துக்கு. அதன் பிறகு ஒரு விரிபக்கம்: இடப்பக்கம் பருவம், வலப்பக்கம் நான். இடப்பக்கத்தில் ‘கச்சான்’ என்று பெரிதாக எழுதி, கலர் பென்சிலால் ஓரம் கட்டி, அந்தப் பருவத்தில் வருகிற வேலையை மட்டும் போடுவேன்: விடுதித் திரைச்சீலை, படுக்கை விரிப்பு, ஆடித் திருவிழாக்களுக்குச் சின்னப் பிள்ளைகளின் பாவாடை. தேதி கிடையாது, ‘கடல் அடங்கியதும்’, ‘பிறை பார்த்த பிறகு’ என்ற மாதிரித்தான். வாடைப் பக்கத்தில் சீருடை, பொங்கல், வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் மிளகாயும் நடுவது.

வலப்பக்கத்தில் நான்கைந்து வரிக்கு மேல் எழுதுவதில்லை, ஒவ்வொன்றும் ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்ற அச்சில் இருக்கும். ‘விடுதிக்காரர் முற்பணம் தந்தால் அன்றைக்கே காற்பங்கைச் சேமிப்புப் புத்தகத்தில் போடுவேன்.’ ‘பின்னேரம் வெயில் தாழ்ந்தால் மெஷினை மூடிவிட்டுக் கடற்கரையில் நடப்பேன்.’ இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கி எழுதிய வழி. 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, ‘செய்வேன்’ என்று மட்டும் எண்ணுவதைவிட ‘எப்போது, எங்கே, எப்படி’ என்று கட்டிவைத்த எண்ணம் நன்றாகவே நிறைவேறுகிறது என்று காட்டினார்கள். என் அனுபவத்தில் அந்த ‘எப்போது’வுக்குத் தேதியைவிடக் காற்றும் கடலும் நம்பகமானவை. மே 1ஆம் தேதியை நான் மறப்பேன், கச்சான் அடிக்கத் தொடங்கினால் வீடு முழுக்க மண், மறக்க முடியாது.

விரிபக்கத்துக்குப் பிறகு வெறும் கோடுதான். எழுதுகிற அன்று தேதியை நானே போட்டு எழுதுவேன். எழுதாத நாளுக்கு இடமே இல்லை, ஆகையால் வெற்றிடமும் இல்லை. மாசி 2க்குக் கீழே அடுத்த வரியில் மாசி 25 வந்து நிற்கும். சீருடை வாரம் முடிந்து திறந்தால் விட்ட இடத்துக்கு அடுத்த கோடு காத்திருக்கிறது, புரட்டவேண்டிய பக்கம் ஒன்றுமில்லை.

மாதக் கணக்குப் பார்ப்பது பௌர்ணமி விடுமுறையான போயா அன்று. எப்படியும் கடை பூட்டு, வாடிக்கையாளர் வரமாட்டார்கள், நிலா தலைக்கு மேல் நிற்பதால் நாளும் தவறாது. முடியாத வேலைகளுக்கு அம்புத்தலை போட்டுக் கீழே திரும்ப எழுதுவேன். பருவம் மாறும்போது மட்டும் புது விரிபக்கத்துக்குக் கையாலேயே எழுதிக் கொண்டுபோவேன். இங்கேதான் சங்கதி இருக்கிறது: ‘ஆரி வேலை பழகவேணும்’ என்ற வரியைத் திரும்பத் திரும்ப எழுதக் கை அலுத்துக்கொண்டால், அந்த ஆசை எனக்கில்லை என்று தெரிந்துவிடும். ஆப்பில் அது தானாகவே நகர்ந்து போயிருக்கும்.

ஒவ்வொரு ஓடருக்கும் விரல்நகம் அளவு துணித்துண்டு ஒட்டுகிறேன். பக்கம் வடிவாக இருக்கும், கொப்பி ஊதும். அதற்கு வழி, ஏழெட்டுத் தாளுக்கு ஒரு தாளைத் தையலிலிருந்து ஒரு அங்குலம் விட்டு வெட்டிவிடுவது. அந்த அடிக்கட்டை துணியின் தடிப்பைத் தாங்கிக்கொள்ளும், தையலும் கழராது.

ஈரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கடலோரத்தில் சுருள்கம்பி நோட்டின் கம்பி துருப்பிடித்து ஓரத்தை மஞ்சளாக்கும். நடுவில் பின் அடித்த கொப்பியிலும் அதே கதை. சி.ஆர். கொப்பி நூலால் தைத்தது என்பதால் தப்பியது. ஆனால் தாள் மெல்லிசு. பிளாட்டிக்னம் பேனையால் நிறம் போட்டால் மறுபக்கம் தெரியும், மாரியில் ஜெல் பேனை மை பரவும். போல்ட்பொயின்ட், கலர் பென்சில் இரண்டோடும் நிறுத்திக்கொண்டேன். கோதுமை மாப் பசை வேண்டாம், இராமபாணப் பூச்சி தேடிக்கொண்டு வரும். பைண்டர் கம் போதும், அதையும் மெல்லிசாகத் தடவி ஒரு இரவு பாரம் வைக்கவேண்டும். நிறம் போடுவதுதான் உங்களுக்கு முதல் சந்தோஷம் என்றால் இந்த இடத்தில் புள்ளி நோட்டுத்தான் வெல்கிறது, தடித்த தாளுக்கு ஈடில்லை. மழைக் காலத்தில் அது எப்படித் தாங்குகிறது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, மச்சாளுடையது ஏசி அறையில் இருக்கிறது.

நேரத்துக்கு நேரம் ஆள் சந்திக்கிற வேலை என்றால் டயறியை விடாதீர்கள். கிளினிக் திகதி, கூட்டம், வகுப்பு, இவற்றுக்கு அச்சடித்த தேதி வேண்டும். நானும் டெலிவரி நாட்களைச் சுவர்க் கலண்டரில்தான் வட்டம் போடுகிறேன். டப்லெட்டில் பேனாவால் எழுதுவோர் இருக்கிறார்கள், மருமகளுடையதில் கொஞ்சம் கிறுக்கிப் பார்த்ததோடு சரி, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

வாங்கப் போனால் 120 பக்கம் எடுங்கள். ஒரு கச்சானும் ஒரு வாடையும் அதற்குள் அடங்கும், தடித்தது எடுத்தால் துணி ஒட்டிய பிறகு மூடாது. கடையிலேயே நடுப்பக்கத்தைத் திறந்து நூல் தெரிகிறதா, தாள் இரண்டு பக்கமும் ஒழுங்காகக் கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற கிழமையில் போகவேண்டாம், அந்தக் கூட்டத்தில் திறந்து பார்க்க விடமாட்டார்கள்.