வடசேரிக் கடையில் ஜெர்மன் அடையாளத் தகடு

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் இருக்கும் பழைய நாணயக் கடை ஒன்றில், ரெண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் படைவீரரின் அடையாளத் தகடு 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். துத்தநாகம், முட்டை வடிவம், நடுவில் வெட்டுத் துளைகள். இரண்டு பாதியிலும் ஒரே படைப்பிரிவு, ஒரே வரிசை எண், ஓரத்தில் ரத்த வகை. பெயர் கிடையாது. ஆள் இறந்தால் கீழ்ப்பாதியை உடைத்து எடுத்துக்கொள்வார்கள், மேல்பாதி உடலோடு போகும். என் கையில் இருப்பது உடையாத முழுத் தகடு, அதைத் தடவும்போதெல்லாம் இவர் வீடு திரும்பியிருக்க வேண்டும் என்றே மனசு கேட்கிறது.

அதே கடையில் 1939 இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் வீரப் பதக்கமும் காட்டினார்கள். அசலில் கறுப்பு பூசிய இரும்பு நடுத்தகடும் சுற்றி வெள்ளிச் சட்டமும் தனித்தனியாக இருக்கும், பெரும்பாலும் காந்தம் ஒட்டும். இது ஒரே வார்ப்பு, ஒட்டவே இல்லை. அங்கே இருந்த படைவீரரின் சம்பளப் புத்தகமும் அப்படிப் போலிதான்: ஒட்டிய ஆள் படத்தின் மேல் விழுந்த முத்திரை தாளிலும் தொடர வேண்டும், இதில் பட விளிம்போடு நின்றுவிட்டது. சொன்னதும் கடைக்கார அண்ணன் கோபப்படாமல் ரெண்டையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டார், ஆனால் அசல் என்று சொல்லி விலை பேசியது தப்புதான்.

தகடு வேண்டுமானால் போங்க, காந்தமும் லென்ஸும் கையோடு இருக்கட்டும்.