38,500 ரூபாய் போச்சு: தோட்டத்துக்கு சிம் போட்டு கேமரா வைக்கிறவங்க படிங்க

நேத்து ராத்திரி ராயக்கோட்டை பக்கம் எங்க தோட்டத்துல போர்வெல் மோட்டார் கேபிளை அறுத்துட்டுப் போயிட்டாங்க. கேமரா ரெக்கார்டர் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிட்டாங்க. இந்தத் திருட்டைத் தடுக்கத்தான் மூணு வாரம் முன்னாடி 38,500 ரூபாய் கொடுத்து நாலு கேமரா மாட்டினேன்.

நான் இருக்கிறது பெங்களூரு அல்சூர்ல. தோட்டத்துல அம்மா மட்டும்தான். எஸ்.பி. ரோட்டுல சிசிடிவி விக்கிற ஒரு சின்னக் கடை, பேர் வேண்டாம். நான் வாயைத் திறந்ததுமே தமிழ்ல பேசினான். "அண்ணா, எங்க அம்மா ஊரு காவேரிப்பட்டணம்"னு சொல்லி டீ வரவழைச்சான். அவன் போன்ல ஒரு மாந்தோப்பைக் காட்டினான். காத்துல இலை அசையறது வரைக்கும் தெரிஞ்சுது. "இது ஒரு கஸ்டமர் தோப்பு, சிம்லதான் ஓடுது. இங்க உட்கார்ந்தே பார்க்கறேன் பாருங்க." அந்த இலை அசைஞ்சதைப் பார்த்துத்தான் நம்பினேன். பில் கேட்டதுக்கு, "ஜிஎஸ்டி போட்டா 18 சதவீதம் கூட ஆகும், நமக்குள்ள எதுக்குண்ணா"ன்னான். ஒரு எஸ்டிமேட் துண்டுச்சீட்டோட வந்தேன்.

மாட்டின அன்னிக்கு எல்லாமே நல்லா வேலை செஞ்சுது. அம்மா களத்துல நின்னு கை காட்டினாங்க, என் போன்ல தெரிஞ்சாங்க. மீதிப் பணத்தை அங்கேயே ஜிபே பண்ணிட்டுக் கிளம்பினேன். அத்திப்பள்ளி டோல்ல வண்டி நின்னப்போ ஆப்பைத் திறந்தேன். வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு.

காரணம் இப்பத்தான் தெரியுது. மாட்டும்போது என் போன், தோட்டத்துல சிம் போட்டு வச்ச அதே ரூட்டரோட வைஃபையில இருந்துச்சு. பத்தடி தள்ளி இருந்த பெட்டியில இருந்து படம் நேரா வந்துச்சு, இன்டர்நெட்டுக்கே போகல.

அப்புறம் போன் மேல போன். முதல்ல "சிக்னல் வீக்ணா, ஆன்டெனா மாத்திக்கலாம்." அடுத்து "சிம் கம்பெனியைக் கேளுங்க." மூணாவது வாட்டி "ஸ்டாட்டிக் ஐபி வாங்கணும், தனியா 3,500 ஆகும்." (அதாவது மாறாத இன்டர்நெட் முகவரி.) நேர்ல போனா "பையன் வெளிய போயிருக்கான், நாளைக்கு வாங்க." அல்சூர்ல இருந்து நாலு தடவை போனேன்.

நெட்வொர்க் வேலை பார்க்கிற நண்பர் ரூட்டரோட செட்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்தார். அதுல இருந்த ஐபி முகவரி 10-ல ஆரம்பிச்சுது. அது மொபைல் கம்பெனிக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற முகவரியாம். ஒரே வெளி முகவரியைப் பல பேருக்குப் பங்கு போட்டுத்தான் கொடுக்கறாங்க, அதனால வெளியில இருந்து தேடினா நம்ம ரூட்டர் வரைக்கும் வரவே முடியாது. கடைக்காரன் போர்ட் ஃபார்வர்டிங் போட்டிருக்கான், அதாவது வெளியில இருந்து ரூட்டருக்கு வர்றதை ரெக்கார்டருக்குத் திருப்பி விடற செட்டிங். சாதாரண சிம்ல அது வேலைக்கே ஆகாது. கேமராவோ ரெக்கார்டரோ தானா வெளிய போய் கிளவுட் சர்வரைப் பிடிக்கிற பி2பி வசதி இருக்கணும். என்கிட்ட தள்ளிவிட்ட பழைய மாடல்ல அது கிடையாது. தினம் இந்த வேலையே செய்யறவனுக்கு இது தெரியாதா? தெரிஞ்சுதான் 38,500 வாங்கியிருக்கான்.

எனக்குத் தாங்காதது வேற. மாமா தினமும் மோட்டார் ரூம்ல படுத்துப்பார். "கேமரா வந்தாச்சு, வயசான காலத்துல பனியில எதுக்கு மாமா, கடையில சரி பண்ணித் தந்துடுவாங்க"ன்னு நான்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினேன்.

காலையில அறுத்த கேபிளைப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். பதில் வந்துச்சு: "திருட்டுன்னா போலீஸ்ல சொல்லுங்க சார், நாங்க கேமராதான் விக்கிறோம்." அண்ணா போய் சார் ஆயிட்டேன்.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. இதை மட்டும் செய்ங்க. பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி போன்ல வைஃபையை அணைச்சு, மொபைல் டேட்டாவுல படம் வருதான்னு பாருங்க. ரெக்கார்டரை மோட்டார் ரூம்ல வைக்க விடாதீங்க. டேட்டா கணக்கையும் கேளுங்க: ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) இழுக்குதுன்னா நாலையும் சேர்த்து அரை மணி பார்த்தாலே 2 ஜிபி கிட்டத்தட்ட தீர்ந்துடும். பில் இல்லாம வாங்கவே வாங்காதீங்க. 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கு இன்னிக்குக் கூப்பிடப் போறேன், என் கையில இருக்கிறது ஜிபே ரசீதும் அந்தத் துண்டுச்சீட்டும்தான்.

அம்மா கூப்பிடறாங்க, எலெக்ட்ரீசியன் வந்துட்டாராம். தக்காளி பூ விட்டிருக்கு, இன்னிக்குத் தண்ணி பாய்ச்சியே ஆகணும்.