ட்ரையத்லானுக்கு முதல் சைக்கிள்: ஆரல்வாய்மொழிக் காற்றைக் கேட்டு வாங்குங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் ட்ரையத்லான் போட்டிக்குப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தோடு வருகிறார்கள்: முழங்கைகளை முன்னால் ஊன்றிக் குனிந்து ஓட்டும் பந்தய சைக்கிள். பார்க்க அழகுதான். ஆனால் குமரி மாவட்டச் சாலைகளில் பயிற்சி எடுப்பவருக்கு அது முதல் சைக்கிள் ஆகாது. மணவாளக்குறிச்சியில் இருந்துகொண்டு நான் சில ஆண்டுகளாக ஓட்டுவது அலுமினிய ஃபிரேமும் டிஸ்க் பிரேக்கும் உள்ள சாதாரண ரோடு பைக், அதாவது வளைந்த ஹேண்டில் வைத்த சாலை சைக்கிள்.

காற்றுதான் முதல் காரணம். தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் காற்று மேற்கிலிருந்து பாய்ந்து வரும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு நோக்கிப் போகும்போது நாமே பெரிய வீரர் என்று தோன்றும். திரும்பும்போது வட்டியும் முதலுமாக வாங்கிவிடும். அதைவிடப் பொல்லாதது பக்கக் காற்று. கடந்துபோகும் லாரியின் மறைவு விலகும் நொடியில் முன்சக்கரத்தை ஓரத்துக்குத் தள்ளும். பந்தய சைக்கிளில் கியர் மாற்றி முழங்கை ஊன்றும் நீட்டுக் கம்பியின் நுனியிலும் பிரேக் வெளிக் கைப்பிடியிலும் இருப்பதால், பிரேக் பிடிக்கக் கையை இடம் மாற்றியாக வேண்டும். ரோடு பைக்கில் இரண்டும் விரலடியிலேயே இருக்கின்றன.

கியர்ச் சக்கரங்களில் முன்னால் 50-34 பற்களும் பின்னால் 11-32 பற்களும் இருந்தால் எதிர்காற்றிலும் குலசேகரம் பக்கத்து ஏற்றங்களிலும் முட்டியை வதைக்காமல் மிதிக்கலாம். ஸ்பிரிண்ட் எனும் குறுகிய ட்ரையத்லானிலேயே 20 கி.மீ. மிதித்து இறங்கியதும் 5 கி.மீ. ஓட வேண்டும், அதற்குக் காலில் தெம்பு மிச்சமிருக்க வேண்டுமே! டயர் 32 மி.மீ. நுழையும் ஃபிரேமா என்றும் கேளுங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை உள்ள கடலோரச் சாலையில் 25 மி.மீ. டயர் முதுகெலும்பை எண்ணிக் காட்டுகிறது.

அளவு விஷயத்தில் கடைக்காரரின் அவசரத்துக்கு வளைய வேண்டாம். கைவசம் உள்ள பெரிய ஃபிரேமைக் காட்டி, சீட்டை இறக்கினால் போதும் என்பார்கள். சீட் இறங்கும், ஹேண்டில் எட்டாது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பதும் பாதி உண்மையே. ஹேண்டில் நாடாவைப் பிரித்தபோது, வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து அடியில் வெள்ளைத் தூளாக அரித்திருந்தன. தண்ணீர்ப் புட்டி தாங்கியின் இரும்புத் திருகுகளோ துருவேறி அசைய மறுத்தன. இப்போது எல்லாத் திருகுக்கும் கிரீஸ் தடவுகிறேன். வீடு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுகிறேன்.

முழங்கை ஊன்றும் கம்பியை ரோடு பைக்கிலும் பிறகு மாட்டிக்கொள்ளலாம். நானும் மாட்டியிருக்கிறேன், ஆனி பிறந்தால் கழற்றிவிடுவேன்.