ஃபென்பான்: பின்னாலிருந்து கார் வராத 125 கிலோமீட்டர்

"அக்கா, பின்னாலேருந்து ஹாரன் கேட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்று தம்பி கேட்டபோதுதான் யோசித்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பத்து வருடமாகத் தார்ச்சாலையில் சைக்கிள் மிதிக்கிறேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது மூச்சு விடுவதைப்போலப் பழகிவிட்டது. காட்டுக்குள் போன அந்தப் பாதையில் எப்போது கழுத்து திரும்புவதை நிறுத்தியது என்று எனக்கே தெரியவில்லை. மதியம் கழுத்து வலிக்கவில்லை. அன்று எனக்குக் கிடைத்த முதல் லாபம் அதுதான்.

ஃபென்பான் ஒரு பழைய ரயில் பாதை. ஜெர்மனியின் ஆகென் நகரிலிருந்து கிழக்கு பெல்ஜியத்தின் வழியாக லக்சம்பர்க்கின் வடக்கே இருக்கும் துருவாவியெர்ஜ் வரை 125 கி.மீ. ஐஃபெல், ஆர்டென் மலைகளின் காட்டு விளிம்பை ஒட்டியே போகிறது. 1880களில் பிரஷ்ய அரசு போட்ட லைன் இது. ஆகென் பக்கத்து நிலக்கரி தெற்கே போகவும், லக்சம்பர்க் பக்கத்து இரும்புத் தாது வடக்கே வரவும் போட்டார்கள். இப்போது தண்டவாளம் இருந்த இடத்தில் பெரும்பாலும் வழவழவென்ற தார்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டை நடந்தது. ஆகெனில் தொடங்கினால் ரோட்டே எர்டே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பாதை ஆரம்பித்துவிடும், தேட வேண்டாம் என்றான் தம்பி. நான் துருவாவியெர்ஜ்தான் என்று நின்றேன். ஆகென் முனை 200 மீட்டர் உயரம்கூட இல்லை, துருவாவியெர்ஜ் 400 மீட்டருக்கும் மேலே. அந்தப் பகுதியில் காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் அடிக்கும், வடக்கே போகிறவர்களுக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காற்று. லக்சம்பர்க்கில் 2020 முதல் இரண்டாம் வகுப்பு ரயில் எல்லோருக்கும் இலவசம் என்பது கடைசி ஆணி. தலைநகரிலிருந்து சைக்கிளோடு ஏறி, டிக்கெட் வாங்காமல் துருவாவியெர்ஜில் இறங்கினோம். நான் சொன்னதே நடந்தது. காற்றும் நான் சொன்னபடியே அடித்தது. அதை அடிக்கடி நினைவூட்டினேன்.

ரயில் பாதையில் ஏற்றமே இருக்காது என்று நினைத்து வருகிறவர்கள் முதல் மணி நேரத்திலேயே ஏமாறுவார்கள். லக்சம்பர்க் எல்லையைத் தாண்டும் இடத்தில் பழைய சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதில் வௌவால்கள் குடியிருப்பதால் மூடி வைத்திருக்கிறார்கள். ரயில் மலைக்குள் நுழைந்து போன இடத்தில் நாம் மலைமேல் ஏறிப் போக வேண்டும். சின்ன கியருக்கு மாற்றி, வாயால் மூச்சு வாங்கி ஏறினோம். எனக்கு வௌவால்கள் மேல் கோபமில்லை. தம்பிக்கு இருந்தது.

மற்ற இடங்களில் சரிவு சுமார் 2 சதவீதத்துக்குள். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் அவ்வளவாகப் பிடிக்காது. செங்குத்தாகப் போட்டால் பாரம் இழுக்கும் இஞ்சின் வழுக்கும். அதனால் போட்டவர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்திருக்கிறார்கள். 2 சதவீதம் என்றால் கண்ணுக்குச் சமதளம். காலுக்கு அப்படியில்லை. நானும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து ஏறக்குறைய 75 கிலோ. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் அந்தச் சரிவுக்காக மட்டும் சுமார் 80 வாட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவு உள்ள மலைச்சாலையில் ஐந்து நிமிடம் செத்துப் பிழைத்தாலும் அடுத்து இறக்கம் வரும், கால் ஓய்ந்திருக்கும். இங்கே அந்த விடுப்பு கிடையாது. சாங்க்ட் ஃபித்தில் தங்கி மறுநாள் காலை கிளம்பினோம். பள்ளத்தாக்கைக் கடந்து வைம், சோர்புரோட் என்று பாதை நிதானமாக ஏறிக்கொண்டே போகிறது. சங்கிலிச் சத்தம், காட்டுச் சத்தம், அதே கியர், அதே மூச்சு. ஒரு வளைவு முடிந்தால் இன்னொரு வளைவு, அதே ஊசியிலை மரங்கள்.

இங்கேதான் தம்பியும் நானும் ரசனையில் பிரிந்தோம். "இன்னும் எவ்வளவு தூரம் இதே மாதிரி?" என்று முதலில் அவன் கேட்டது வைம் வருவதற்கு முன்பே. மலை என்றால் அவனுக்கு ஏறி மடிய வேண்டும், பிறகு பிரேக் காயும்வரை இறங்க வேண்டும். எனக்கு அந்தச் சலிப்பே பிடித்திருந்தது. காரைக் கவனிக்கும் வேலை மூளைக்கு இல்லாதபோது காது திறக்கிறது. மரங்கொத்தி தட்டுவது, சரளையில் ஓடும் தண்ணீர், எங்கேயோ மரம் அறுக்கும் எந்திரம். கேட்டது ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுகூடச் சொல்ல முடிந்தது.

சோர்புரோட் பக்கம் பாதையின் உச்சி, 560 மீட்டர் அளவில். சுற்றிலும் ஹோஹெஸ் ஃபென் என்ற சதுப்பு மேடு. பாதையின் பெயரில் இருக்கும் ஃபென் இதுதான். பெல்ஜியத்தின் மிக உயரமான இடமான 694 மீட்டர் போட்ராஞ்சும் அருகில்தான். கீழே வெயில் அடித்தாலும் இங்கே மூடுபனி இறங்கிவிடும். மழைச்சட்டையைப் பையின் அடியில் வைத்திருந்தேன், அதை எடுப்பதற்குள் நனைந்துவிட்டேன். மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு வருவது இந்தப் பாதையின் மிக விசித்திரமான பகுதி. முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையின்படி இந்தச் சுற்றுவட்டாரம் பெல்ஜியத்துக்குப் போயிற்று. கூடவே ரயில் பாதையும், அது ஜெர்மனிக்குள் ஓடும் இடங்களிலும்கூட, பெல்ஜியத்தின் நிலமாயிற்று. அதனால் லைனுக்கு மேற்கே இருந்த ஜெர்மன் துண்டுகள் தாய்நாட்டிலிருந்து வெட்டுப்பட்டுத் தீவுகளாகிவிட்டன. இன்றும் அப்படி ஐந்து இருக்கின்றன. ரூக்‌ஷ்லாக் என்பது கிட்டத்தட்ட ஒரு வீடும் தோட்டமும், அவ்வளவுதான். தண்டவாளம் போய் தார் வந்த பிறகும் நிலம் பெல்ஜியத்துடையதே. ஆக, சக்கரம் உருள்வது பெல்ஜியத்தில், இரண்டு பக்கமும் நிற்கும் மரங்கள் ஜெர்மனியில். தம்பி நின்று ஒரு காலைத் தாரிலும் ஒரு காலைப் புல்லிலும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டான். சலிப்பு கொஞ்ச நேரம் மறந்திருந்தது.

மொன்ஷாவ் ஊரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் பாதை அதை உரசிக்கொண்டு போவதுபோலத் தெரியும். உண்மையில் பாதை மேலே, பழைய ஊர் கீழே ரூர் ஆற்றின் பள்ளத்தாக்கில். இறங்கினால் திரும்பி ஏற வேண்டும், அதுவும் கார்கள் ஓடும் சாலையில். நான் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். தம்பி இறங்கி, ஏறி, முகம் சிவந்து, அன்று முதல்முறையாகச் சிரித்துக்கொண்டு வந்தான்.

கோன்ட்சென், லாமர்ஸ்டோர்ஃப் தாண்டியதும் இறக்கம் ஆரம்பம். முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பெரும்பாலும் இறக்கம்தான். மிதித்தால் வேகம், மிதிக்காவிட்டாலும் நகர்வு. ரோட்கென் பக்கம் காட்டோரமாகக் கான்கிரீட் பற்கள் வரிசையாக நிற்கும். டாங்கிகளைத் தடுக்க ஹிட்லர் காலத்தில் நட்டவை, மேலெல்லாம் பாசி. 1944 செப்டம்பரில் அமெரிக்கப் படை முதலில் பிடித்த ஜெர்மன் ஊர் ரோட்கென்தான். அங்கே கொஞ்ச நேரம் நின்றோம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கார் இல்லை என்பதற்குக் கூட்டம் இல்லை என்று அர்த்தமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆகெனை நெருங்க நெருங்க மின்சைக்கிள் தாத்தா பாட்டிகள், நீளக் கயிற்றில் நாய்கள், சக்கரம் வைத்த காலணியில் குழந்தைகள். மணிக்கு 30 கி.மீ. கனவோடு வருகிறவர்கள் வார நாளில் வரட்டும். ஊர்ச்சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்களும் நிறைய. அங்கே வழி நடுவில் குட்டைக் கம்பங்கள் நிற்கின்றன. இரண்டு மணி நேரம் கார் நினைப்பே இல்லாமல் வந்தவர்களுக்கு அந்த இடங்கள்தான் ஆபத்து. நான் ஒரு கம்பத்தை ஹேண்டில்பாரால் உரசிவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது, மரங்கொத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். நிழலில் ஈர இலை கிடக்கும் இடங்களில் சாய்ந்து திரும்பாதீர்கள். 28 மி.மீ. டயர் தாராளம், பஞ்சர் ஒன்றுகூட இல்லை. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஊர் வரும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். சோர்புரோட் மேட்டில் என் பாட்டில் காலியாகி, அடுத்த ஊர் வரை நாக்கு வறண்டு போனேன்.

இரண்டு நாளுக்கு அளவான பாதை. ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் அப்போது கடைசி முப்பது கிலோமீட்டரில் வேடிக்கை பார்க்கத் தெம்பிருக்காது. நீண்ட நாள் சைக்கிளைத் தொடாதவர்கள், விபத்துக்குப் பின் சாலைக்குத் திரும்பப் பயப்படுகிறவர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஏற்றத்துக்காகவே வாழ்கிறவர்கள் பணத்தை வேறு மலைக்குச் சேர்த்து வையுங்கள்.

நான் அடுத்த செப்டம்பரில் மறுபடி போகிறேன், ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, நல்ல சத்தமுள்ள மணியோடு. தம்பி வரவில்லையாம். மொன்ஷாவ் வரை காரில் வந்து அந்த ஏற்றத்தை மட்டும் நாலு முறை ஏறுகிறேன் என்கிறான்.